குடலைக் கெடுக்காத ஆன்டிபயாடிக் எப்போது வரும்?

ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் வருகிற நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு வைத்தியமும் ஆன்டிபயாடிக்தான். க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருங்குடலில் உண்டாக்கும் தொற்று அது. மருத்துவர்கள் சுருக்கமாக சி. டிஃப் என்பார்கள். நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருத்துவமனையில் சேர்ந்து, மருந்து ஏற்றி, காய்ச்சல் விட்டு, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை போகும். முற்றினால் பெருங்குடல் வீங்கிச் செயலிழந்து, அறுத்து எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அமெரிக்காவில் 2017-இல் மட்டும் மருத்துவமனை நோயாளிகளில் சுமார் 2,23,900 பேருக்கு இது வந்தது, 12,800 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-இல் கணக்குக் கொடுத்தது. மருந்து எதிர்ப்பு குறித்த அதே அறிக்கையில் 'அவசர அச்சுறுத்தல்' என்ற மேல்வரிசையில் சி. டிஃப் இடம்பெற்றிருக்கிறது.

புது மருந்து கண்டுபிடிப்பது என்றதும் இன்னும் வலுவான, இன்னும் பல கிருமிகளைக் கொல்லும் மருந்தைத்தான் நாம் நினைக்கிறோம். குடல் தொற்றில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே தேவைப்படுவது ஒரே ஒரு கிருமியைக் கொன்றுவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடும் மருந்து. அப்படி ஒன்றைச் செய்வது வேதியியலில் எவ்வளவு கடினமோ, அதை நிரூபித்துச் சந்தைக்குக் கொண்டுவருவது அதைவிடக் கடினமாக இருக்கிறது. சி. டிஃப் மருந்துகளின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும்.

இந்தக் கிருமியை 1935-லேயே பார்த்துவிட்டார்கள், அதுவும் ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் மலத்தில். அதனால் இது ஒன்றும் செய்யாத பிராணி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். 1974-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிய 200 நோயாளிகளைக் கவனித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கும் பத்தில் ஒருவருக்குப் பெருங்குடலில் சவ்வுபோல் படியும் கடுமையான அழற்சியும் வந்தன. மருந்தே குடலைப் புண்ணாக்குகிறது என்றுதான் முதலில் சந்தேகம். 1978-இல் ஜான் பார்ட்லெட்டும் அவருடைய குழுவினரும் உண்மையான காரணத்தைப் பிடித்தார்கள். மருந்து குடலின் பழைய குடிகளை அழிக்கிறது. காலியான இடத்தில் சி. டிஃப் பெருகி நச்சு சுரக்கிறது. அந்த நச்சுதான் குடல்சுவரை அரிக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மருந்து தேடுகிறவர்களின் பாடெல்லாம் இந்த இடத்தில்தான். சி. டிஃப் இரண்டு வடிவங்களில் வாழ்கிறது. ஒன்று பெருகி நச்சு சுரக்கும் உயிர்ப்பு வடிவம். இன்னொன்று கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வித்து. ஆன்டிபயாடிக் உயிர்ப்பு வடிவத்தைத்தான் கொல்லும், வித்தை ஒன்றும் செய்யாது. நாம் கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் திரவத்துக்கும் வித்து சாகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கையிலிருந்து அதை அகற்ற முடியும். தரையிலும் கட்டில் கம்பியிலும் மாதக்கணக்கில் அது கிடக்கும்.

வித்து எப்போது முளைக்கும் என்பதைப் பித்தநீர் தீர்மானிக்கிறது. கல்லீரல் சுரக்கும் டாரோகோலேட் என்ற பித்த உப்பு பட்டால் வித்து விழித்துக்கொள்ளும். ஆரோக்கியமான பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இந்தப் பித்த அமிலங்களை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. அப்படி உண்டாகும் டிஆக்ஸிகோலேட் சி. டிஃப் வளர்வதைத் தடுக்கிறது. இந்த வேலையைச் செய்யத் தெரிந்த பாக்டீரியா வகைகள் மிகக் குறைவு. க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் அவற்றில் ஒன்று. சாதாரண ஆன்டிபயாடிக் ஒரு சுற்று எடுத்தால் போதும், இவை செத்துப்போகின்றன. விழிக்க வைக்கும் உப்பு மிஞ்சுகிறது, அடக்கும் அமிலம் காணாமல் போகிறது. சி. டிஃபைக் கொல்லக் கொடுக்கும் மருந்தும் இதே பாக்டீரியாக்களைக் கொன்றால், பத்து நாள் வைத்தியம் முடிந்ததும் எஞ்சிய வித்துகள் மறுபடி முளைக்கத் தடையே இருக்காது. பழைய மருந்துகளால் குணமானவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் சில வாரங்களில் திரும்பி வருவது இதனால்தான். இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு மூன்றாம் தடவை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

பழைய மருந்துகள் என்றால் இரண்டு. ஒன்று, நம்மூரில் வயிற்றுக்கடுப்புக்கு எல்லாருக்கும் தெரிந்த மெட்ரோனிடசோல். விலை மலிவு. ஆனால் அது சிறுகுடலிலேயே கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். அழற்சியால் கசியும் குடல்சுவர் வழியாகத்தான் பெருங்குடலுக்குள் திரும்ப வர வேண்டும். நோயாளி தேறத் தேற அந்தக் கசிவும் குறையும், மருந்தின் அளவும் குறையும். இதை மீறி வளரும் சி. டிஃப் வகைகளும் வந்துவிட்டன. எதிர்ப்புத்திறனைச் சுமக்கும் ஒரு பிளாஸ்மிட்டையே (பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) 2020-இல் அடையாளம் கண்டார்கள். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டலில் மெட்ரோனிடசோலை முதல் தேர்விலிருந்து இறக்கிவிட்டது.

இன்னொன்று வான்கோமைசின். போர்னியோ காட்டிலிருந்து ஒரு மதபோதகர் 1950-களில் அனுப்பிய மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து எலை லில்லி நிறுவனம் எடுத்த மருந்து. 1958 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இதன் மூலக்கூறு பெரியது, குடலால் உறிஞ்ச முடியாது. மற்ற நோய்களுக்கு இது பெரிய குறை, அதனால்தான் நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். சி. டிஃபுக்கு அதுவே வசதி: வாய்வழியாகக் கொடுத்தால் அப்படியே பெருங்குடலுக்குப் போய் நிற்கும். மாத்திரை விலை கட்டுப்படியாகாத மருத்துவமனைகளில் ஊசிமருந்துக் குப்பியையே கரைத்துக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. சரி, பிறகு என்ன பிரச்சினை? வான்கோமைசின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. களை எடுக்கிறேன் என்று வயலையே கொளுத்துகிற வேலை அது. போதாக்குறைக்கு, வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி அந்த வெற்றிடத்தில் பெருகவும் வழி செய்கிறது.

இந்த இடத்தில்தான் ஃபிடாக்ஸோமைசின் வருகிறது. புதிதாகச் செய்த மூலக்கூறு அல்ல. இத்தாலியின் லெபெட்டிட் நிறுவன ஆய்வாளர்கள் 1975-லேயே லிப்பியார்மைசின் என்ற பெயரில் இதை விவரித்திருந்தார்கள். மிகச் சில கிருமிகளைத்தான் கொல்கிறது, உடம்பில் உறிஞ்சப்படவும் மாட்டேன் என்கிறது. அந்தக் காலத்து அளவுகோலில் இது எதற்கும் உதவாத மருந்து. சி. டிஃபுக்கு வேண்டியவை அந்த இரண்டு குணங்களும்தான் என்று புரிந்துகொள்ள முப்பது வருடம் போல ஆனது. அமெரிக்காவில் 2011 மே மாதம் அனுமதி கிடைத்தது. வான்கோமைசினோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் நோய் குணமான விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட சமம்: 88 சதவீதம், 86 சதவீதம். ஆனால் நோய் திரும்பி வந்தவர்கள் வான்கோமைசின் வாங்கியவர்களில் 25.3 சதவீதம், ஃபிடாக்ஸோமைசின் வாங்கியவர்களில் 15.4 சதவீதம். மருந்தின் முழு மதிப்பும் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

இது ஏன் சி. டிஃபை மட்டும் குறிவைக்கிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. பாக்டீரியா உயிர்வாழ வேண்டுமானால் தன் டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதியாக வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு நண்டுக்கொடுக்குப் போல விரிந்து மூடும் இரண்டு தாடைகள் உண்டு. ஃபிடாக்ஸோமைசின் தாடைகளின் அடியில் புகுந்து அவை மூடாமல் தடுக்கிறது. நொதியால் டிஎன்ஏவைப் பிடிக்க முடியாது, எழுத்து வேலை நின்றுபோகும். இந்த நொதி எல்லா பாக்டீரியாக்களுக்கும் உண்டு, அப்படியானால் எல்லாமே சாக வேண்டுமே? நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கேம்பெல், சேத் டார்ஸ்ட் ஆகியோரின் குழு சி. டிஃபின் நொதியை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 2022-இல் பதில் சொன்னது. மருந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சி. டிஃபுக்கு ஒரு லைசின் அமினோ அமிலம் இருக்கிறது, வரிசையில் 84-ஆவது. மருந்தை இறுகப் பிடித்துக்கொள்ள உதவுவது அதுதான். குடலில் பெரும்பான்மையாக வாழும் பாக்டீராய்டஸ் போன்ற வகைகளில் அந்த இடத்தில் லைசின் கிடையாது, மருந்து அங்கே சரியாக ஒட்டாது. ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட நொதியில் ஒரே ஒரு கண்ணி வித்தியாசம், அதில் ஒரு குடல் முழுவதும் பிழைக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் அழகாகத் தோன்றும் கண்டுபிடிப்பு இது. இதற்கு நடைமுறைப் பயனும் இருக்கிறது: மண்ணில் தற்செயலாகக் கிடைத்த குணத்தை, இனி வேண்டுமென்றே வடிவமைக்கலாம்.

அப்புறம் விலை. அறிமுகமானபோது 20 மாத்திரை கொண்ட ஒரு சுற்று சுமார் 2,800 டாலர். அமெரிக்க வழிகாட்டல் 2021-இல் இதை வான்கோமைசினுக்கு மேலே வைத்தது. ஆனாலும் விலையைப் பார்த்து வான்கோமைசினிலேயே நிறுத்திக்கொள்ளும் இடங்கள் பணக்கார நாடுகளிலும் ஏராளம்.

நல்ல பாக்டீரியா அழிந்ததுதான் நோய் என்றால், அவற்றையே திரும்ப ஊன்றிவிடலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் நடந்த சோதனையில், ஆரோக்கியமானவரின் மலக் கரைசலைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள் செலுத்தினார்கள். ஒரே தடவையில் 16 பேரில் 13 பேருக்குக் குணம். வான்கோமைசின் மட்டும் வாங்கிய 13 பேரில் 4 பேருக்குத்தான் குணம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தி 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். முகம் சுளிக்க வேண்டியதில்லை, ஒரு கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைக்காது. ஆனால் 2019-இல் இப்படிக் கொடுத்த மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்து, அது ரத்தத்தில் பரவி ஒரு நோயாளி இறந்தார். அதன்பின் தானம் தருபவரைச் சோதிக்கும் விதிகள் இறுகின. இப்போது சுத்திகரித்த பாக்டீரியா வித்துகளை அடைத்த கேப்ஸ்யூலே மருந்தாக வந்திருக்கிறது. வௌஸ்ட் என்ற அந்தத் தயாரிப்புக்கு 2023-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இருந்தாலும் இது ஆன்டிபயாடிக்குக்கு மாற்று அல்ல. முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து நோயை அடக்கிவிட்டு, பிறகு திரும்பாமல் இருக்கக் கொடுப்பது.

ஆக, குடலைத் தொடாத நல்ல ஆன்டிபயாடிக்குக்கான தேவை அப்படியே இருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதற்காக வந்த மூலக்கூறுகள் பல, கடைசிக் கட்டத்தில் விழுந்தவையும் பல. சுரோடோமைசின் விழுந்தது, காடசோலிட் விழுந்தது. எனக்கு இன்றும் மனசு ஆறாதது ரிடினிலசோல் விஷயத்தில்தான்.

சம்மிட் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனம் வளர்த்த மூலக்கூறு அது. ஆய்வகத்தில் சி. டிஃபை அடிக்கும், குடலின் மற்ற பாக்டீரியாக்களை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். இறுதிக்கட்டச் சோதனை 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடந்து, 2021 டிசம்பரில் முடிவு வந்தது. குணமாகி 30 நாள் வரை நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ரிடினிலசோலில் 73 சதவீதம், வான்கோமைசினில் 70.7 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. வான்கோமைசினைவிட மேல் என்று நிரூபிப்பதுதான் சோதனையின் இலக்கு, எனவே தோல்வி. ஆனால் அதே தாளில் இன்னொரு வரி: குணமானவர்களில் நோய் திரும்பியது ரிடினிலசோலில் 8.1 சதவீதம், வான்கோமைசினில் 17.3 சதவீதம். பாதிக்கும் குறைவு. நோயாளிகளின் மலத்தில் பித்த அமிலங்களையும் அளந்தார்கள். சி. டிஃபை அடக்கும் மாற்றப்பட்ட அமிலங்கள் ரிடினிலசோல் குழுவில் மீண்டு வந்தன. கோட்பாடு சொன்னபடியே மருந்து நடந்துகொண்டது.

அதன் பிறகு நிறுவனம் புற்றுநோய் மருந்துக்குத் திரும்பிவிட்டது. 2022 டிசம்பரில் சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து ஐவோனெசிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் உரிமத்தை வாங்கியது, அதில் பெயரும் பணமும் பார்த்தது. முதலீட்டாளர் பக்கமிருந்து பார்த்தால் சரியான முடிவுதான். நான் குறை சொல்வது சோதனையின் அளவுகோலை. பத்து நாளில் பேதி நின்றதா என்ற கேள்வியும் அந்த 30 நாள் கணக்கில் கலந்திருக்கிறது, அதில் வான்கோமைசின் ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது. குடலில் என்ன மிஞ்சியது, மூன்று மாதம் கழித்து நோயாளி எங்கே இருக்கிறார் என்பதை முதல் கேள்வியாக வைக்காதவரை, குடலைக் காக்கும் மருந்துகள் வான்கோமைசினிடம் தோற்றுக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது வரிசையில் நிற்பது ஐபெசபோல்ஸ்டாட். பாக்டீரியா தன் டிஎன்ஏவைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் என்ற நொதிகளில் ஒன்றை இது தடுக்கிறது. புழக்கத்தில் உள்ள எந்த மருந்தும் இதுவரை குறிவைக்காத இடம், அதனால் பழைய எதிர்ப்புத்திறன்கள் இதன்மேல் செல்லாது. இரண்டாம் கட்டச் சோதனையில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

ஆனால் நம் பகுதிக்கு நேரடியாக முக்கியமானது, என் கணிப்பில், வேறொரு மூலக்கூறு: லோலமைசின். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ராதரின் குழு 2024-இல் வெளியிட்டது. இதன் இலக்கு சி. டிஃப் அல்ல, ஈ. கோலை, க்ளெப்சியெல்லா, என்டரோபாக்டர் ஆகிய கிராம்-நெகட்டிவ் கிருமிகள். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய ஆய்வில், கார்பாபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்துகளையே முறியடிக்கும் என்டிஎம்-1 நொதியைச் சுமந்த 44 மாதிரிகள் சென்னையிலிருந்து பதிவாயின. அவற்றில் அதிகமும் ஈ. கோலையும் க்ளெப்சியெல்லாவும்தான். இவை தங்கியிருக்கும் இடம் குடல். அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவில்லை. சிறுநீர்ப்பைக்கோ ரத்தத்துக்கோ போனால் ஆபத்து.

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு உறைகள். கொழுப்பு ஒட்டிய சில புரதங்களை உள் உறையிலிருந்து வெளி உறைக்குக் கடத்த லால் என்ற ஒரு போக்குவரத்து அமைப்பு உண்டு. லோலமைசின் அதை அடைக்கிறது. நோய் உண்டாக்கும் வகைகளிலும் குடலில் சாதாரணமாக வாழும் கிராம்-நெகட்டிவ் வகைகளிலும் இந்த அமைப்பின் புரதங்கள் வேறுபடுகின்றன, மருந்து முதல் வகையில்தான் பிடிக்கிறது. நோயாளிகளிடமிருந்து எடுத்த, பல மருந்துகளுக்கு அடங்காத 130-க்கும் மேற்பட்ட மாதிரிகள் இதற்கு அடங்கின. எலிகளுக்கு அமாக்ஸிசிலினோ கிளிண்டமைசினோ கொடுத்தபோது குடல் பாக்டீரியாக்களின் கலவை அடியோடு மாறியது. லோலமைசின் கொடுத்த எலிகளில் ஒரு மாதம் கவனித்தும் பெரிதாக மாறவில்லை. பிறகு அந்த எலிகளுக்கு சி. டிஃபைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழைய மருந்து வாங்கியவற்றில் சி. டிஃப் பெருகியது, லோலமைசின் வாங்கியவற்றில் கிட்டத்தட்ட வேரூன்றவே இல்லை. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நோய், வருவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்க வருடங்கள் ஆகும். பல மூலக்கூறுகள் அந்தப் பாதையில் காணாமல் போயிருக்கின்றன. மருந்து அனுமதி பெற்றாலும் நிறுவனம் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கிய அக்கேயோஜென் 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. புது ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் அவசரத்துக்கென்று பத்திரப்படுத்துவார்கள். அது சரியான மருத்துவம், ஆனால் விற்பனை நடக்காது. ஒரே ஒரு கிருமிக்கான மருந்து என்றால் விற்பனை இன்னும் குறைவு. இதற்காகத்தான் இங்கிலாந்து 2022-இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எவ்வளவு விற்றாலும் விற்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை நிலையான தொகை தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இதுவரை பார்த்த ஏற்பாடுகளில் நியாயமானதாக எனக்குப் படுவது இதுதான். தீயணைப்பு நிலையத்துக்குத் தீப்பிடித்த நாளைக்கு மட்டும் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

இன்னொரு தடை நம்மூர் மருந்துக்கடையில் இருக்கிறது. லூஸ் மோஷன் என்று போய் நின்றால், ஓஃப்லாக்சாசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவது இன்னமும் சாதாரணம். அதில் ஒன்று கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு, மற்றது அமீபாவுக்கும் காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கும். எதுவாக இருந்தாலும் விழட்டும் என்ற கணக்கு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் கணிசமான பகுதி ரோட்டா போன்ற வைரஸால் வருவது, அதற்கு இந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை; உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும்தான் வேண்டும். குறுகிய இலக்கு கொண்ட மருந்துகளை இந்தப் பழக்கத்தோடு பயன்படுத்தவே முடியாது. எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகுதான் எந்த மருந்து என்று எழுத முடியும். மலத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது, அதற்குள் நோயாளிக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. சி. டிஃபுக்கு ஓரிரு மணி நேரத்தில் நச்சையோ நச்சின் மரபணுவையோ காட்டும் சோதனைகள் வந்துவிட்டன, பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. ஈ. கோலைக்கும் க்ளெப்சியெல்லாவுக்கும் அதே வேகத்தில், ஒரு தாலுகா மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையில் சோதனை வந்தால்தான், லோலமைசின் போன்ற மருந்தை ஒரு மருத்துவர் துணிந்து சீட்டில் எழுத முடியும்.